மஃபர் நாட்டுக் குதிரையும் அதன் ஆண்டுச் செலவும்

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில், முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளையும் அவற்றின்மீது அமர்ந்த வீரர்களையும் கண்டு வியவாதார் இலர். விசயநகர காலத்துச் சிற்பிகள் செதுக்கியவை அவை. கற்குதிரைக்குக் கொள்ளும் வேண்டா, புல்லும் வேண்டா. உயிருள்ள குதிரையோ ஆண்டுதோறும் அரசர்தம் பொக்கிஷத்தையே மேய்ந்து வந்தது.

குதிரை நம் மண்ணில் செழித்து இனம் பெருக்கும் விலங்கன்று. கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலையே கூறுகிறது. பிற்காலத்தில் அவ்வணிகம் பெரிதும் அரபு, பாரசீக முஸ்லிம்களின் கைக்கு வந்தது. குதிரை வீரரைக் குறிக்கும் 'இராவுத்தர்' என்னும் பெயர் நம் சமுதாயத்தில் இன்றும் வழங்குகிறது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே 'ராவுத்தன்' என்று விளித்தார் எனில், அச்சொல்லுக்கு அன்றிருந்த மதிப்பை நாம் உணரலாம்.

சோழமண்டலக் கரையை அரபிகள் 'மஃபர்' என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். பாண்டியர் ஆண்ட அந்நாட்டின் குதிரைக் கணக்கைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதி வைத்துள்ளார். கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு செய்துகொண்டார். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். பெருக்கிப் பார்த்தால் 3,08,000 தீனார் ஆகிறது. பாரசீக மன்னர் அபூபக்கர் காலத்திலோ ஹுர்முஸ், கத்தீப், பஹ்ரைன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும், அவற்றின் விலை 22,00,000 தீனார் என்றும் அவர் குறிக்கிறார். கோயில் நிலங்களின் வருவாய்மிகுதி இதற்குச் செலவிடப்பட்டதாம்.

இவ்வளவும் வாங்கிய விலையே. வளர்த்த வகையைக் கேட்டால் நெஞ்சம் பதைக்கிறது! இரவும் பகலும் முளையில் கட்டி, வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் வெந்த தானியமும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் பருகச் செய்தனர் என்கிறார் வஸ்ஸாப். நாற்பது நாள் லாயத்தில் கொழுத்தபின், பயிற்சி ஏதுமின்றி வீரர் ஏறி விரட்டுவராம். வலிமை மிக்க குதிரையும் விரைவில் பயனற்றுப் போகும். மறு ஆண்டு மீண்டும் வாங்க வேண்டியதுதான். ஆக, பராமரிப்புச் செலவு என்பது அங்கே பெரும்பாலும் புதுக்குதிரையின் விலையாகவே முடிந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இதையே கூறுகிறார். அரசர் ஐவரும் தலைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்பது அவர் கணக்கு. பயணிகளின் எண்களைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் இருவர் சொல்லும் ஒத்துப் போகிறது. குதிரை மருத்துவரை இந்நாட்டிற்கு வரவொட்டாமல் வணிகரே தடுத்தனர், குதிரை இறந்தால்தானே அடுத்தது விற்கும் என்று ஒரு பழியையும் அவர் சுமத்துகிறார்.

இப்பழியை நாம் எளிதில் ஏற்பதற்கில்லை. எளிதில் தள்ளுவதற்கும் இல்லை. அரபியில் குதிரை மருத்துவத்திற்கு 'பைத்தரா' என்று தனிக் கலையே உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு அகீ ஹிஸாம் அதுபற்றி நூல் செய்தார். அறிந்தோர் இருந்தனர் என்பது உறுதி. இங்கும் அசுவ சாத்திரம் இல்லாமலில்லை. ஆனால் உடன்பாட்டைப் பாருங்கள்: வழியில் மாண்ட குதிரைக்கும் அரசரே விலை கொடுத்தார். இத்தகைய ஏற்பாட்டில் விற்பவருக்குக் குதிரையின் உயிரில் என்ன அக்கறை இருக்கும்? அமானிதம் பேணியவர் எத்தனை பேர் என்பதை ஏடுகள் சொல்லவில்லை.

இருநூறு ஆண்டுகள் கழிந்தும் வழக்கம் மாறவில்லை. விசயநகரத்துச் சாளுவ நரசிம்மர் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என வாங்கினார் என்றும், கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் உயிருள்ளதற்குரிய பணத்தையே தந்தார் என்றும் போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதுகிறார்.