ஸ்லைடு மேல் ஒரு வரி: அஸ்த்ரா 400க்கு ஓர் உரை

மூலம்:

எஸ்பெரான்சா இ உன்செத்தா – கெர்னிகா – பிஸ்தோலா தே 9 மி/மி (38) – மோதேலோ 1921

ஸ்பெயின் ராணுவம் 1921இல் ஏற்றுக்கொண்ட அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியின் முதல் ஆண்டுகளில், அதன் ஸ்லைடு (குழலின் மேல் முன்பின்னாக நகரும் எஃகு உறுப்பு) மேல் இந்தச் சொற்கள் பொறிக்கப்பட்டு வந்தன. சந்தையில் அதற்கு அஸ்த்ரா 400 என்று பெயர். ஒரு தொழிற்சாலையின் முத்திரை வரிதானே என்று கடந்து போய்விடலாம். ஆனால் இந்தத் துப்பாக்கி ஏன் இப்படி இருக்கிறது, யார் கையிலெல்லாம் போனது என்பதற்கான நூல்முனை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இதில் ஓர் எண் படிப்பவரைத் தவறான வழியில் அனுப்புகிறது. எழுதாமல் விட்ட சொல் ஒன்றும் உண்டு. பழைய உரைகாரர்கள் செய்வதுபோல அதை நாம் வருவித்துக்கொள்ள வேண்டும்.

எஸ்பெரான்சா இ உன்செத்தா

ஹுவான் எஸ்பெரான்சா, பேத்ரோ உன்செத்தா என்ற இருவர் 1908இல் ஐபார் ஊரில் தொடங்கிய பட்டறையின் பெயர் இது. வட ஸ்பெயினின் பாஸ்க் மலைப்பகுதியில் உள்ள ஐபார், பல தலைமுறைகளாகத் துப்பாக்கித் தொழிலையே நம்பி வாழ்ந்த ஊர். முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி போதவில்லை. 'ரூபி' என்ற சிறு பிஸ்டலை ஐபாரில் கேட்டார்கள். ஒப்பந்தம் எடுத்த கபிலோந்தோ நிறுவனத்தால் தனியாகச் சமாளிக்க முடியாமல் வேலை பல பட்டறைகளுக்குப் பிரிந்தது. உன்செத்தாவின் ஆட்களும் அந்த வகைப் பிஸ்டலைப் போர் முழுவதும் செய்தார்கள். ரூபி என்றாலே மட்டமான எஃகு, ஒன்றுக்கொன்று பொருந்தாத உறுப்புகள் என்ற கெட்ட பெயர் பின்னால் வந்தது. அது எல்லாப் பட்டறைக்கும் பொருந்தாது. எளிமையான ஒரு பிஸ்டலை நல்ல கடைசல் வேலையோடு ஆயிரக்கணக்கில் செய்யும் பழக்கம் உன்செத்தா பட்டறைக்கு அந்தப் போரில்தான் கைகூடியது. 1921இல் ராணுவம் கேட்டபோது எளிமையும் கனமும் கொண்ட ஒரு துப்பாக்கியை அவர்களால் நீட்ட முடிந்ததற்கு அந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

எஸ்பெரான்சா 1920களின் நடுவில் விலகினார். 1926 முதல் நிறுவனம் உன்செத்தா மட்டும் ஆனது. ஸ்லைடிலும் அந்தப் பெயர் மறைந்தது. ஆகவே இரு பெயரும் சேர்ந்திருக்கும் துப்பாக்கி தன் வயதைத் தானே சொல்லிவிடுகிறது.

கெர்னிகா

ஐபாரில் தொடங்கிய பட்டறை 1910களின் தொடக்கத்திலேயே பிஸ்காயா மாகாணத்தின் இந்தச் சிற்றூருக்குப் பெயர்ந்துவிட்டது. கெர்னிகாவில் ஒரு கருவேல மரம் உண்டு. நம் ஊர்க் கருவேலம் அல்ல, ஓக் வகை. அதன் நிழலில்தான் பிஸ்காயாவின் ஆட்சியாளர்கள் பாஸ்க் மக்களின் பழைய உரிமைகளைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தார்கள். பாஸ்க் மக்களுக்கு அது புனிதமான ஊர்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். குடியரசை எதிர்த்துப் போரிட்ட பிராங்கோவுக்குத் துணையாக ஹிட்லர் அனுப்பிய காண்டோர் படையும் முசோலினியின் விமானங்களும் மாலை நான்கரை மணியளவில் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கும் மேல் அந்த ஊரின் மேல் குண்டு போட்டன. ஊரின் பெரும்பகுதி எரிந்தது. இறந்தவர்கள் 1,654 பேர் என்று பாஸ்க் அரசு அப்போது அறிவித்தது. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதைவிட மிகக் குறைந்த எண்களைத் தருகிறார்கள்; கணக்கு இன்னும் முடியவில்லை.

இந்த உரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான். அந்தத் தாக்குதலுக்கு ராணுவக் காரணம் கற்பிக்க முயல்பவர்கள் இரண்டு இடங்களைக் காட்டுவார்கள்: ஊரின் ஓரத்தில் இருந்த ரென்தேரியா பாலம், உன்செத்தாவின் ஆயுதத் தொழிற்சாலை. இரண்டுக்கும் சேதமில்லை. வீடுகளும் கடைகளும் சந்தையும் சாம்பலானபோது, போருக்குப் பயன்படும் பொருள் செய்த கட்டடம் நின்றது. மூன்று நாள் கழித்து பிராங்கோவின் படை ஊருக்குள் நுழைந்தபோது அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை முழுதாகக் கிடைத்தது. அதுவரை பாஸ்க் அரசின் பொறுப்பில் வேலை செய்த இயந்திரங்கள் இனி பிராங்கோவுக்காகச் சுழன்றன. ஸ்லைடின் மேல் கெர்னிகா என்ற பெயர் மட்டும் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தது. 1937க்குப் பின் செய்த துப்பாக்கியில் அந்தப் பெயரைப் படிக்கும்போது, எந்த ஊரை எரித்தார்களோ அந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஆயுதம் எரித்தவர்களின் கூட்டாளிகளுக்குப் போனது என்பதை மறக்கக் கூடாது. பிக்காசோவின் ஓவியத்தால் இந்த ஊரை அறிந்தவர்கள் கோடிப்பேர். அந்த ஊர் எதைச் செய்து பிழைத்தது என்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பிஸ்தோலா தே 9 மி/மி

9 மில்லிமீட்டர் பிஸ்டல் என்பது இதன் பொருள். இங்கேதான் சொல் குறைகிறது. 'லார்கோ' என்பதை வருவித்து, நீண்ட 9 மி.மீ. தோட்டா என்று கொள்க. உலகெங்கும் 9 மி.மீ. என்றதும் நினைவுக்கு வருவது 19 மி.மீ. நீளக் கூடு உள்ள பாராபெல்லம் தோட்டா. ஸ்பெயினின் கூடு 23 மி.மீ. அன்று அந்நாட்டுச் சிப்பாய்க்கு வேறு 9 மி.மீ. தெரியாது, ஆகவே எழுதவும் தேவைப்படவில்லை.

அந்தத் தோட்டா எங்கிருந்து வந்தது? ஜெர்மானியரான பெர்க்மனின் பிஸ்டலை 1905இல் ஸ்பெயின் தேர்ந்தெடுத்தது. அவரால் செய்து கொடுக்க முடியவில்லை. உரிமை பெல்ஜியத்தின் பீப்பர் நிறுவனத்துக்குப் போய், 'பெர்க்மன் பேயார்ட்' என்ற பெயரில் துப்பாக்கி வந்து சேர்ந்தது. அந்தத் துப்பாக்கியின் காலம் விரைவில் முடிந்தது. தோட்டா மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பின் ஸ்பெயின் ராணுவத்துக்குப் பிஸ்டல் செய்ய வந்த எவரும் இந்த நீண்ட தோட்டாவுக்கு இடம் வைத்தே வரைபடத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. அஸ்த்ரா 400இன் உருவத்தை முதலில் முடிவு செய்தது இதுதான்.

தோட்டா வலுவானது. வெடிக்கும்போது குண்டு முன்னே போகிறது. அதே அழுத்தம் காலிக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் இறங்கும்வரை பின்பக்கம் திறக்கக் கூடாது. திறந்தால் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் கைப்பக்கம் பாயும். இவ்வளவு வலுவான தோட்டாவுக்குப் பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் குழலையும் ஸ்லைடையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து கொஞ்சதூரம் பின்னே வந்த பிறகே பூட்டு விடும். அமெரிக்கக் கோல்ட் 1911 அப்படித்தான்.

அஸ்த்ரா 400இல் பூட்டே இல்லை. குழல் சட்டத்தில் அசையாமல் நிற்கிறது. பின்பக்கத்தை அடைத்து வைத்திருப்பவை ஸ்லைடின் எடையும் குழலைச் சுற்றி இறுக்கிய ஸ்பிரிங்கும்தான். சுத்தியலின் ஸ்பிரிங்கும் கொஞ்சம் துணை செய்கிறது. ஒரே ஆள் ஒரே பலத்தோடு தள்ளினாலும் மிதிவண்டி சட்டென்று ஓடும், பாரம் ஏற்றிய மாட்டுவண்டி நகர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் இங்கே தேவை. சுமார் 15 செ.மீ. குழலைக் கடக்கக் குண்டுக்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அவ்வளவு நேரம் கனமான ஸ்லைடு சோம்பியிருந்தால் போதும்.

இந்த ஒரு முடிவிலிருந்து மற்ற எல்லாம் தாமாக வந்தன. துப்பாக்கியின் எடை ஒரு கிலோவைத் தாண்டியது. ஸ்பிரிங் குழலைச் சுற்றி இருப்பதால் ஸ்லைடின் முன்பாதி உருண்டைக் குழாயாக ஆயிற்று. ஸ்பெயின்காரர்கள் அதைச் சுருட்டு என்று பெயர் வைத்தே அழைத்தார்கள். குழாய் வடிவம் லேத்தில் கடைவதற்கு ஏற்றது. அசையாத குழல் குறி தப்பாமல் சுட உதவியது. பூட்டுக்கென்று நுணுக்கமாகச் சீவ வேண்டிய உறுப்புகள் இல்லை. உடையவும் அதிகம் இல்லை. பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க நல்ல கைப்பலம் வேண்டும். கழற்றும்போது முனை வளையத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்பிரிங் முகத்துக்கு நேரே பாயும். குளிரில் விரல் மரத்துப்போன சிப்பாய்க்கு அது சிறிய தொல்லை அல்ல.

சுத்தியல் உள்ளே மறைந்திருக்கிறது. உறையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. ஆனால் அது ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. அதை ஈடுகட்டத்தான் மூன்று காப்பு வைத்தார்கள் போலும்: கட்டை விரலால் தள்ளும் சேஃப்டி, பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் விடும் பின்பக்கப் பட்டை, மேகசினைக் கழற்றினால் விசை வேலை செய்யாத ஏற்பாடு. மேகசினில் எட்டுத் தோட்டா. ராணுவத் துப்பாக்கியாக இது நேர்மையான வேலை என்பது என் தீர்ப்பு. பூட்டு இல்லாததை ஏழ்மை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தங்கள் பட்டறையால் குறையில்லாமல் செய்ய முடிந்ததைத் தேர்ந்து, அதற்கான விலையை எடையாகக் கொடுத்தார்கள்.

(38)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் இந்த எண்ணைப் பற்றித்தான் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் .38 ஏ.சி.பி. தோட்டாவின் கூடு ஏறத்தாழ லார்கோவின் நீளமே. அந்த ஒற்றுமையைக் காட்டவே எண் வந்தது. ஆனால் அது ஒரு கதைக்கு விதையாகிவிட்டது. அஸ்த்ரா 400 எந்த 9 மி.மீ. தோட்டாவையும் சுடும், லார்கோ, பாராபெல்லம், .38, எதைப் போட்டாலும் தின்னும் என்று பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் பலர் நம்பினார்கள்.

சில நேரம் சுடும் என்பது உண்மை. அதனால்தான் கதை சாகவில்லை. லார்கோ தோட்டாவின் வாய் விளிம்பு குழலறையின் முன்விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். பாராபெல்லம் அதைவிட 4 மி.மீ. குட்டை. அது முட்டாது; காலிக் கூட்டை இழுத்தெறியும் சிறு கொக்கியில் மட்டும் தொங்கும். கொக்கி பிடித்தால் வெடிக்கும். பிடிக்காவிட்டால் தோட்டா உள்ளே ஆழப் போய், ஊசி எட்டாமல் மௌனமாக இருக்கும். வெடித்தாலும் கூட்டுக்கு முன்னால் வெற்றிடம் கிடக்கிறது. ஒரு ராணுவத் துப்பாக்கியில் இதை யாரும் திறமை என்று சொல்லக் கூடாது. 1929இல் வந்த .38 சூப்பர் தோட்டாவோ அளவில் ஒத்துப்போகும், அழுத்தத்தில் மிஞ்சும். பூட்டில்லாத துப்பாக்கியில் அதைப் போடுவது ஆபத்து.

தொழிற்சாலையே இதற்குச் சாட்சி. 1941இல் ஜெர்மனி 6,000 அஸ்த்ரா 400களை வாங்கியது, லார்கோ தோட்டாவுக்கானவையாகவே. பாராபெல்லத்துக்கு ஒன்று வேண்டும் என்று ஜெர்மானியர் கேட்டபோது உன்செத்தா பழையதையே எடுத்துக் கொடுத்து எல்லாம் சுடும் என்று சொல்லவில்லை. குழலைக் குறுக்கி, அறையை மாற்றி, அஸ்த்ரா 600 என்ற தனி மாதிரியைச் செய்தது. 1944இல் பிரான்ஸ் எல்லையிலிருந்து ஜெர்மானியர் பின்வாங்குவதற்குள் 10,450 துப்பாக்கிகள் போய்ச் சேர்ந்தன. அந்தக் கதை உண்மையானால் அத்தனை வேலையும் வீண்.

மோதேலோ 1921

ராணுவத்தின் ஏற்பு ஆண்டு. அதே ஆண்டின் கோடையில் மொராக்கோவின் அன்னுவாலில் ஸ்பெயின் படை பெருந்தோல்வி கண்டது. ஆயுதத்தின் தேவை அவசரமாக இருந்த காலம். சிவில் காவல் படை ஸ்டார் நிறுவனத்தின் பிஸ்டலைத் தேர்ந்துகொண்டது, ராணுவம் இதை.

ஆண்டு உண்மை. ஆனால் பிஸ்டலின் பிறப்பு 1921இல் இல்லை. காம்போ ஹீரோ கோமகனான வெனான்சியோ லோப்பெஸ் தே செபாயோஸ் என்ற படை அதிகாரி 1900களின் தொடக்கத்திலிருந்தே ஒரு பிஸ்டலைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஆரம்ப மாதிரிகளில் பூட்டு வைத்தார். ராணுவம் ஏற்ற 1913 மாதிரியில் அதைக் கைவிட்டார். குழலைச் சுற்றிய ஸ்பிரிங், நீண்ட மெல்லிய முனை, லார்கோ தோட்டா எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அதைச் செய்து கொடுத்ததும் எஸ்பெரான்சாவும் உன்செத்தாவும்தான். 1921க்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பட்டறை அவருடைய வடிவத்தின் சிக்கல்களைச் சீவி, சுத்தியலை உள்ளே தள்ளி, பிடியில் காப்பைச் சேர்த்தது. மூல வரியில் அவர் பெயருக்கும் ஓர் இடம் இருந்திருக்கலாம்.

இந்த வரி இல்லாத துப்பாக்கிகள்

உள்நாட்டுப் போரில் கெர்னிகா கைவிட்டுப் போனபின் குடியரசுத் தரப்பு இதே பிஸ்டலைத் தானே செய்தது. வலென்சியா பக்கத்தில் செய்தவற்றின் பிடிப் பலகையில் 'ஆர் இ' என்ற இரண்டெழுத்து, ஸ்பானியக் குடியரசு என்பதன் சுருக்கம். காத்தலோனியாவின் தெர்ராசாவில் செய்தவற்றின் ஸ்லைடில் 'எஃப். அஸ்காசோ' என்ற பெயர். பிரான்சிஸ்கோ அஸ்காசோ அராஜகவாதத் தொழிலாளர் தலைவர், அதே இயக்கத்தின் இன்னொரு தலைவரான துர்ருத்தியின் தோழர். 1936 ஜூலை 20 அன்று பார்சலோனாவின் அத்தராசானாஸ் படைமுகாமைத் தாக்கும்போது சுடப்பட்டு இறந்தார். முதலாளியின் பெயர் இருந்த இடத்தில் தொழிலாளர்கள் அவர் பெயரைப் பொறித்தார்கள். வேலையும் சுத்தமானது, கெர்னிகாவின் துப்பாக்கிக்குப் பெரிதும் குறைந்ததல்ல.

பெயரை மாற்றியவர்கள் பொறியை மாற்றவில்லை. கனமான ஸ்லைடு, அசையாத குழல், 23 மி.மீ. கூடு எல்லாம் அப்படியே. எதிர்த்தரப்பின் கையில் இருந்ததும் அதே லார்கோ தோட்டா. எடுத்த இடம் எதுவானாலும் அது இரு தரப்பின் துப்பாக்கியிலும் பொருந்தியது.