கணிப்பொறிக்கு முந்திய கணக்கு: ராமச்சந்திரன் வரைபடம் உருவான விதம்

இன்று புரதமொன்றின் கட்டமைப்பைத் தீர்வு செய்யும் ஆய்வாளர், அது சரிதானா என்று பார்க்க முதலில் நாடுவன சில சோதனைகள். அவற்றுள் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம். மென்பொருள் அதைச் சில நொடிகளில் வரைந்து தந்துவிடுகிறது. அந்த வரைபடத்தின் முதல் வடிவம் மேசைக் கணக்கிடு பொறிகளைக் கொண்டு சென்னையில் கணக்கிடப்பட்டது என்பதை அதைப் பயன்படுத்துவோர் பலரும் அறிவதில்லை.

ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அவ்வாண்டு அங்கு வருகை தந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் தீர்வாகாத சிக்கல் என்று சுட்டிக்காட்டினார். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்ததால் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அவர் முன்வைத்த மூவிழை மாதிரி 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவமாக அது திருத்தப்பட்டது.

எதிர்ப்பும் உடனே வந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இம்மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற சென்னைக் கூற்றுக்கு மாறாக, ஒன்றுதான் இயலும் என்பது அவர்கள் வாதம். 1994இல் வெளியான கொலாஜன் போன்ற பெப்டைடின் படிக அமைப்பு, நேரடிப் பிணைப்பு ஒன்றே என்று காட்டியது. அக்குறிப்பிட்ட புள்ளியில் கிரிக் தரப்பே சரி; இதை மறைத்து எழுதும் புகழுரைகள் ராமச்சந்திரனுக்கு நன்மை செய்வன அல்ல.

ஆனால் அந்த விமர்சனத்திற்குள் விடை காணப்படாத வினா ஒன்று இருந்தது. ‘அளவுக்கு மீறிய நெருக்கம்’ என்றால் எவ்வளவு? ராமச்சந்திரனும் வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் அதுவரை வெளியான அமினோ அமிலம், பெப்டைடு ஆகியவற்றின் படிக அமைப்புகளைத் துருவி, ஒவ்வோர் அணு இணைக்கும் பொறுக்கத்தக்க மிகக் குறைந்த தூரத்தைத் தொகுத்தனர். சாதாரண எல்லை, புற எல்லை என இரு வரம்புகளை வகுத்தனர். பிறர் கண்ட குறையையே அளவுகோலாக்கியது அவர்களுடைய துணிவு.

அடுத்தது கணக்கு. பெப்டைடு அலகு தட்டையானது என்பதை பாலிங்கும் கோரியும் முன்பே நிறுவியிருந்தனர். எனவே முதுகெலும்புச் சங்கிலியின் வடிவம், ஃபை, சை என்னும் இரு சுழற்சிக் கோணங்களில் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்களின் ஆயத்தொலைவுகளைக் கண்டு, பிணைப்பில்லாத அணுக்களுக்கிடையிலான தூரங்களை வரம்போடு ஒப்பிட வேண்டும். பத்துப் பாகை இடைவெளியில் போனாலே 1,296 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பல தூரங்கள். இன்றைய மாணவர் சிறு நிரலொன்றில் முடிக்கும் வேலைதான் இது. அன்று ஒவ்வொரு சைனும் கொசைனும் அட்டவணையிலிருந்து எடுக்கப்பட வேண்டியிருந்தது.

முடிவுகள் 1963இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி’யில் ஐந்தே பக்கங்களில் வெளிவந்தன. பக்கத்தொடர் கொண்ட அமினோ அமிலத்திற்குக் கோணப் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் விலக்கப்பட்டது என்று வரைபடம் காட்டியது. ஆல்ஃபா சுருளும் பீட்டா இழையும் எஞ்சிய சிறு தீவுகளில் அமைந்தன. கட்டுரையில் மூவர் பெயர் உண்டு. வரைபடத்தில் ஒருவர் பெயரே நிலைத்தது. கணக்கின் சுமையைத் தாங்கிய ராமகிருஷ்ணனின் பெயரைப் பாடநூல்கள் அரிதாகவே சொல்கின்றன.

கணிப்பொறி இல்லாமையே இச்சாதனைக்குக் காரணம் என்பது அழகான கதை. ஆனால் சான்று அதற்கு இடந்தருவதில்லை. கணக்கைச் சுருக்கும் வழியை ராமச்சந்திரன் கடைசிவரை தேடினார். பெங்களூருக்குப் பெயர்ந்தபின் 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் அவர் எழுதிய கட்டுரை, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்க ஃபூரியர் உருமாற்றத்திற்குப் பதிலாகச் சுருளல் முறையை முன்வைத்தது. கணிப்பொறி நேரத்தை மிச்சப்படுத்துவதே அதன் நோக்கங்களுள் ஒன்று. சி.டி. ஸ்கேன் கருவிகளின் கணக்கீட்டில் பின்னர் நெடுங்காலம் கோலோச்சியது அவ்வகை முறைதான்.