நாய்மன் யூ 47 (பழைய சந்தையில்)

பெர்லினைச் சேர்ந்த ஜார்ஜ் நாய்மன் நிறுவனம் 1949இல் வெளியிட்ட வால்வு மைக். தொடக்க ஆண்டுகளில் டெலிஃபுங்கன் முத்திரையுடனும் விற்பனையானது. 1965இல் உற்பத்தி நின்றது. பழைய ஸ்டுடியோக் கருவிகளை வாங்கி விற்பவர்களிடம் மிக அதிக விலை போகும் மைக்குகளில் ஒன்று.

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் வி.எஃப்.14 என்ற எஃகு உறை வால்வுதான். டெலிஃபுங்கன் தயாரித்த இவ்வால்வு, மைக்கின் உற்பத்தி முடிவதற்கு முன்பே நின்றுபோனது. 55 வோல்ட்டுக்கென அமைந்த அதன் சூடேற்றி இழையை நாய்மன் சுமார் 36 வோல்ட்டில்தான் இயக்கியது. பல வால்வுகள் நீண்டகாலம் உழைத்ததற்கு அது ஒரு காரணம். இரைச்சல் குறைவானவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் 'எம்' குறி இருக்கும். இக்குறியுள்ள வால்வைத் தனியே விற்றாலே நல்ல புது மைக் ஒன்றின் விலை கிடைத்துவிடும். வால்வு தீர்ந்தபின் நுவிஸ்டர் என்ற சிறு வால்வு பொருத்தப்பட்ட மைக்குகளும் உண்டு. ஒலியில் குறையில்லை என்பாரும் உளர், ஆனால் விலை இறங்கிவிடும்.

அடுத்த சிக்கல், ஒலியை வாங்கும் பகுதியான கேப்சூல். பழைய எம்7 கேப்சூலின் பி.வி.சி. படலம் வயதாக ஆக இறுகி வெடிக்கும். பிற்காலக் கே47இன் படலம் பாலியெஸ்டர் என்பதால் நிலைக்கும். படலம் மாற்றப்பட்டிருந்தால் விற்பவர் சொல்லிவிடுவதே முறை. விவரமறிந்தவர்கள் உறையைக் கழற்றி எடுத்த படத்தையும், தனிப்பெட்டியாக வரும் மின்வழங்கியையும் பார்க்காமல் முன்பணம் தருவதில்லை.

1972இல் வந்த 'யூ 47 ஃபெட்' வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் வகை. பெயர் ஒன்றானாலும் சந்தை வேறு.