பழுப்புப் பெட்டி

பிரான்ஸ் தேசத்தில் பெர்னான் ரெனோ என்று ஒரு ஹாஸ்ய நடிகர் இருந்தார். 1950-களில் அவர் நடித்த ஒரு சின்ன நாடகம் அந்த நாட்டு ஜனங்களுக்கு இன்றும் தலைகீழ்ப் பாடம். ஒரு மனிதன் தபாலாபீசுக்கு வந்து, ஆஸ்னியேர் என்ற ஊரில் 22-ஆம் நம்பர் டெலிபோன் வேண்டும் என்று கேட்கிறான். ஆஸ்னியேர் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. பாரிஸ் நகரத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஆனாலும் லைன் கிடைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் தூர தேசத்து ஊர்களைக் கேட்டு வாங்கிப் பேசிவிட்டுப் போகிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனிதன் கடைசியில், "நியூயார்க் கொடுங்கள்" என்கிறான். உடனே கிடைக்கிறது. நியூயார்க்கைக் கூப்பிட்டு, ஆஸ்னியேர் 22-ஐக் கேட்கிறான்!

டிரங்க்கால் போட்டுவிட்டு அரை நாள் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் நம் வீடுகளிலும் உண்டு. ஆகையால் இந்த ஹாஸ்யத்துக்கு நான் உரை எழுத வேண்டியதில்லை.

இதே பிரான்ஸில், அடுத்த முப்பது வருஷங்களுக்குள், கிராமத்துப் பாட்டி ஒருத்தி சமையலறை மேஜை மேல் ஒரு சிறு திரையை வைத்துக்கொண்டு ரயிலுக்கு டிக்கெட் பதிவு செய்தாள். இன்டர்நெட் என்ற சொல்லை உலகத்தில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கேள்விப்பட்டிராத காலம் அது. அந்தத் திரைக்கு மினிடெல் என்று பெயர்.

பழைய கம்ப்யூட்டர் நாட்களை நினைத்து உருகுகிறவர்கள் இப்போது எங்கும் பெருகிவிட்டார்கள். டெலிபோன் கம்பி வழியே மோடம் போட்ட கீச்சுச் சத்தத்தைக் கேட்டால் அவர்களுக்குக் கண் கலங்குகிறது. அந்தக் காலத்து இணையம் எவ்வளவு சுத்தம், எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று பேசுகிறார்கள். நானும் அந்த ஜாதிதான். அதனால் பரிகாசம் செய்ய உரிமையில்லை. ஆனால் எதை இழந்தோம் என்று அழுகிறோமோ, அது அங்கே இருந்ததா என்று ஒரு தடவை நிதானமாகப் பார்ப்பது நல்லதல்லவா? அதற்கு மினிடெல்லைப்போல உபகாரமான சரித்திரம் வேறு கிடையாது. அதற்குப் பிறந்த தேதியும் உண்டு. இறந்த தேதியும் உண்டு.

1970-களின் தொடக்கத்தில் ஐந்து கோடி ஜனங்கள் இருந்த பிரான்ஸில் டெலிபோன் லைன்கள் ஏறக்குறைய நாற்பது லட்சந்தான். பாதி நாடு டெலிபோனுக்காகக் காத்திருக்கிறது, மறு பாதி டெலிபோனில் 'டயல் டோன்' வருவதற்காகக் காத்திருக்கிறது என்று ஜனங்கள் சொல்லிச் சிரித்தார்கள். சர்க்காருக்கு ரோஷம் வந்தது. 1974-ல் டெலிபோன் இலாகாவின் தலைவராக வந்த ஜெரார் தெரி என்ற எஞ்சினீயர் ஒரு பூதம்போல வேலை செய்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் லைன்கள் இரண்டு கோடியை எட்டின.

கம்பி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது? அதோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. இத்தனை கோடிப் பேருக்கு வருஷா வருஷம் டெலிபோன் டைரக்டரி அச்சடிக்க வேண்டும். அச்சாகி வருவதற்குள் அது பழசாகிவிடும். 1978-ல் சிமோன் நோரா, அலேன் மாங்க் என்ற இரண்டு அதிகாரிகள் ஜனாதிபதிக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். டெலிபோனும் கம்ப்யூட்டரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகின்றன, நாம் சும்மா இருந்தால் அமெரிக்கக் கம்பெனியான ஐ.பி.எம். நம் நாட்டை ஆளும் என்பது அதன் சாரம். சர்க்கார் அறிக்கை ஒன்று கடைகளில் நாவலைப்போல விற்றது என்றால் நம்புவீர்களா? பிரான்ஸில் விற்றது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஆகவே தெரியின் இலாகா தீர்மானித்தது: அச்சடித்த டைரக்டரிக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு திரை, அதையும் இனாமாகக் கொடுத்துவிடுவது. இந்த 'இனாம்' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பிரிட்டனில் 1979-லேயே 'பிரெஸ்டெல்' என்று இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அதற்கு வேண்டிய கருவியை ஜனங்களே விலை கொடுத்து வாங்க வேண்டும். எத்தனையோ விளம்பரம் செய்தும் கடைசிவரை சந்தாதாரர் தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கொல்லைக் குழாயில் தண்ணீர் விடுகிற மாதிரி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

1980 ஜூலையில் சான் மாலோ என்ற கடற்கரை ஊரில் ஐம்பத்தைந்து வீடுகளில் வைத்துப் பரீட்சை பார்த்தார்கள். பிறகு ஜில்லா ஜில்லாவாகப் பரப்பினார்கள். 1985 முடிவதற்குள் பத்து லட்சம் பெட்டிகளுக்கு மேல் வீடு புகுந்துவிட்டன.

பெட்டியைக் கொஞ்சம் வர்ணிக்க வேண்டும். பழுப்பு நிறம். ஒன்பது அங்குலத் திரை. விசைப் பலகை கதவுபோல மேலே மடிந்து திரையை மூடிக்கொள்ளும். முதலில் வந்த பெட்டிகளில் தட்டெழுத்து மிஷின் வரிசைகூடக் கிடையாது; பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி ஏ, பி, சி, டி என்று எழுத்துக்கள் வரிசையாக இருந்தன. தட்டச்சு தெரியாத குடும்ப ஸ்திரீகள் மிரண்டுவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாடு. பெட்டிக்குள் மூளை கிடையாது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது; தூரத்தில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்கள் அனுப்புவதைக் காட்டும், நாம் தட்டுவதை அனுப்பும், அவ்வளவுதான். திரை நிறைய எழுத்து வந்து சேர எட்டு விநாடிக்குமேல் ஆகும். மேலிருந்து கீழே, வரி வரியாக, கோலம் போடுவதுபோல வந்து நிரம்பும். அந்த எட்டு விநாடியைத்தான் இன்று பலர் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்கிறார்கள். அன்று அதைத் திட்டினார்கள்.

முதல் எதிரிகள் பத்திரிகைக்காரர்கள். வரி விளம்பரமெல்லாம் திரைக்குப் போய்விட்டால் பத்திரிகை எப்படிப் பிழைக்கும் என்று அவர்களுக்குப் பயம். பிரித்தானிப் பிரதேசத்தின் பெரிய தினசரியான 'உவெஸ்ட்-பிரான்ஸ்' போர்க்கொடியே தூக்கிற்று. சர்க்கார் ஒரு சமாதானம் செய்தது. 1984-ல் 3615 என்ற நம்பரின் கீழ் கட்டணச் சேவைகள் ஆரம்பமானபோது, பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத்தான் அங்கே இடம் என்று விதித்தார்கள். பிறகு நடந்ததை யாரும் ஊகிக்கலாம். யாரும் படிக்காத, படிப்பதற்காக அச்சடிக்கவும் படாத பத்திரிகைகள் சில திடீர் திடீரென்று முளைத்தன. அனுமதிச் சீட்டுக்காகவே பிறந்த பத்திரிகைகள்!

ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 1982-ல் அங்கே ஒரு பத்திரிகை 'கிரெடெல்' என்ற சேவையை நடத்தியது. செய்தி, விளம்பரம், ஊர் நடப்பு எல்லாம் திரையில் வரும். உபயோகிக்கத் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு வழி சொல்வதற்காக, நடத்துகிறவர்கள் நேரே செய்தி அனுப்ப ஒரு சிறு வசதியும் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு கெட்டிக்காரன் அந்த வசதிக்குள் புகுந்து, மற்றச் சந்தாதாரர்களோடு பேச ஆரம்பித்துவிட்டான். நடத்துகிறவர்கள் கண்டுபிடித்தார்கள். கதவை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை, எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். செய்தி படிக்க வந்த ஊர், செய்தியை விட்டுவிட்டுப் பேச உட்கார்ந்தது. ராத்திரி முழுக்கப் பேசிற்று.

சர்க்கார் போட்டது டைரக்டரித் திட்டம். பத்திரிகைகள் போட்டது செய்தித் திட்டம். ஜனங்களுக்கு வேண்டியிருந்தது இன்னொரு மனுஷர். இதை எந்த அறிக்கையும் எதிர்பார்க்கவில்லை.

பேச்சு எங்கே போய் நின்றது என்பதை மறைப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் சிருங்காரப் பேச்சுக்கென்றே சேவைகள் கிளம்பிவிட்டன. 'இளஞ்சிவப்பு மினிடெல்' என்று அவற்றுக்குப் பெயர். 3615 உல்லா என்ற விளம்பரத்தோடு அழகிகளின் படங்கள் தெருச்சுவர்களில் நிரம்பின. நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு பிராங்க் கட்டணம். பெரும் பங்கு சேவை நடத்துகிறவருக்கு, மீதி சர்க்கார் இலாகாவுக்கு. தார்மிகக் கோபம் கொண்டவர்கள், சர்க்காரே தரகு வேலை செய்கிறதே என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. 1985 ஜூனில் இத்தனை நெரிசலையும் தாங்கமாட்டாமல் நாட்டின் செய்தி வலையே ஒரு முறை படுத்துவிட்டது. வியாபாரக் கம்பெனிகள் தங்கள் கணக்கு வழக்கை அனுப்பமுடியாமல் திண்டாடின.

அந்த அழகிகள் பெரும்பாலும் அழகிகள் அல்ல. பேச்சை நீட்டிக்கொண்டு போவதற்காகச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள். அவர்களில் பலர் ஆண்கள். ஒருவனே மூன்று நாலு பெண் பெயரில் ஏககாலத்தில் மூன்று நாலு பேரோடு பேசுவான். இங்கே கதை எழுதுகிறவன் புத்தி எட்டிப் பார்க்கிறது. ஏதோ ஒரு கிராமத்தில், மனைவியை இழந்த ஒருவன் விளக்கை அணைத்துவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பாரிஸில் ஒரு மாடி அறையில் வாடகை பாக்கிக்காக இந்த வேலைக்கு வந்த வாலிபன், 'இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?' என்று ஒரு பெண்ணாகக் கேட்கிறான். நிமிஷம் ஒன்றுக்கு ஒரு பிராங்க். கேட்டது பொய், ஆனால் அன்றைக்கு அந்த மனிதனை அந்தக் கேள்வி கேட்டவர் வேறு யாருமில்லை. இப்படி எத்தனை ராத்திரிகள் போயிருக்கும்! மாதக் கடைசியில் டெலிபோன் பில் வரும்போது பல வீடுகளில் பூகம்பம் வந்தது.

ஆகவே பழைய காலம் சுத்தமான காலம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வேஷம், காமம், தனிமையை விற்றுக் காசாக்குதல், போலிப் பத்திரிகை எல்லாம் அங்கே இருந்தன. நாம் இன்று கண்டுபிடித்த பாவம் என்று ஒன்றையும் சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மினிடெல் கட்டணம் என்று மொத்தமாக ஒரு தொகை இருக்கும். எந்தச் சேவை, எந்தப் பெயர் என்பது இராது. ரயில் டிக்கெட் வாங்கினானா, ஜோசியம் கேட்டானா, உல்லாவோடு பேசினானா என்று மனைவிக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. சேவை நடத்துகிறவர் கதையோ இன்னும் வேடிக்கை: இத்தனை நிமிஷத்துக்கு இத்தனை பிராங்க் என்று இலாகாவிலிருந்து பணம் வரும், வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பெயர் கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை. டைரக்டரியைப் பார்க்க முதல் மூன்று நிமிஷம் இனாம்; அதற்கும் பெயர் கேட்கவில்லை. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தார்களோ, உறையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற தபால்கார வழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்ததோ! இரண்டும் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்றைய ஏற்பாடு நேர் எதிர். காசு கேட்பதில்லை, பெயர், பிறந்த தேதி, போன இடம், பார்த்த படம், எந்தப் படத்தில் எத்தனை விநாடி கண் நின்றது என்பதுவரை வாங்கிக்கொள்கிறார்கள். மினிடெல் மணிக்கு அறுபது பிராங்க் பிடுங்கிற்று. எனக்கென்னவோ அது மலிவாகப்படுகிறது.

1986 நவம்பர், டிசம்பரில் சர்வகலாசாலை மசோதா ஒன்றை எதிர்த்து மாணவர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தபோது, 'லிபராஸியோன்' பத்திரிகையின் மினிடெல் சேவை வழியாகச் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். கம்பி சர்க்காருடையது, பெட்டி சர்க்காருடையது. போராட்டம் சர்க்காரை எதிர்த்து! மசோதா டிசம்பரில் வாபஸானது. அதற்குள் மாலிக் உஸகின் என்ற மாணவன் போலீஸ் அடியில் உயிரை விட்டிருந்தான்.

1990-களின் மத்தியில் மினிடெல் உச்சத்தில் இருந்தது. சுமார் தொண்ணூறு லட்சம் பெட்டிகள், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சேவைகள். உலகம் இன்டர்நெட் பக்கம் திரும்பிவிட்டபோது பிரெஞ்சுக்காரன், 'இதெல்லாம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே' என்று சும்மா இருந்தான். 1997 ஆகஸ்டில் பிரதம மந்திரி லியோனல் ஜோஸ்பான், மினிடெல்லே நாட்டுக்கு முட்டுக்கட்டை ஆகிவிடக்கூடும் என்று பகிரங்கமாகப் பேச வேண்டியிருந்தது. பெருமைப்பட்ட சொத்தே வழியை மறித்தது.

அப்புறமும் அது பதினைந்து வருஷம் இருந்தது. கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பிரித்தானிப் பக்கத்துப் பால்மாட்டு விவசாயிகளும் உண்டு. பசு பருவத்துக்கு வந்தால் கருவூட்டலுக்கு ஆள் அனுப்பச் சொல்லவும், மாடு செத்தால் பதிவு செய்யவும் அவர்களுக்கு அந்தப் பெட்டி போதுமாயிருந்தது. மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்த கையோடு தட்டலாம், கெட்டுப் போகாது.

2012 ஜூன் 30-ஆம் தேதியோடு நிறுத்துகிறோம் என்று முன்கூட்டியே தேதி குறித்து அறிவித்து, சொன்ன நாளில் நிறுத்தினார்கள். அப்போதும் லட்சக்கணக்கான பெட்டிகள் வீடுகளில் இருந்தன. பலவற்றைத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பிளாஸ்டிக்காகவும் செம்பாகவும் ஆக்கினார்கள். சில பரணில் தங்கிவிட்டன. பழைய சாமான் சந்தைகளிலும் கிடைப்பதுண்டு. வாங்கி வந்து மின்சாரத்தில் செருகினால் இன்னும் உயிர் வரும். 3615-க்குப் பதில் சொல்ல மறுமுனையில் யாரும் இல்லை. இணைப்பு கிடைத்திருந்தால் திரையின் வலது மேல் மூலையில் 'சி' என்ற எழுத்து நிற்கும், கிடைக்காவிட்டால் 'எஃப்'. அந்த ஒற்றை 'எஃப்' மட்டும் கறுப்புத் திரையில் வெளிச்சமாக நிற்கிறது.