மாட்டைக் கொடுத்தான், கயிற்றைக் கொடுக்கவில்லை



“விடுதலையைப் பெறுவதுதான் கடினம், காப்பது எளிது” என்று எதிரணி நண்பர் அழகாப் பேசிட்டு, கைதட்டலும் வாங்கிட்டுப் போயிட்டார். நான் அவரைக் கையோடு காங்கோ நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

1885. பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்ட், தன் நாட்டைப் போல எழுபது மடங்குக்கும் மேல் பெரிய காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொண்டார். நாம அரை கிரவுண்டு மனை வாங்கினாக்கூட நேர்ல போய்ப் பார்ப்போம். அந்த மனுஷன் கடைசிவரை காங்கோவில் கால் வைக்கவே இல்லை! (சிரிப்பு)

சிரிக்கிற கதை அதோடு முடிஞ்சுது. குறித்த அளவு ரப்பர் கொண்டுவராத ஊர்கள் மீது படை பாய்ந்தது. தோட்டா வீணாகவில்லை என்பதற்குச் சிப்பாய் காட்ட வேண்டிய கணக்கு என்ன தெரியுமா? வெட்டிய மனிதக் கை! உலகமே காறித் துப்பிய பிறகு, 1908-ல் அந்த நாடு மன்னர் கையிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது.

1960 ஜூன் 30. சுதந்திர விழா. மேடையில் பெல்ஜியம் மன்னர் போதுவான், அதே லியோபோல்டைப் புகழ்ந்து பேசுகிறார். நிகழ்ச்சி நிரலில் பெயரே இல்லாத பிரதமர் லுமும்பா எழுந்தார். இது யாரும் போட்ட பிச்சையல்ல, போராடிப் பெற்றது என்றார். கறுப்பனை ‘நீ’ என்பார்கள், ‘நீங்கள்’ என்ற மரியாதை வெள்ளையனுக்கு மட்டும்தான் என்று மன்னரை வைத்துக்கொண்டே சொன்னார். (கைதட்டல்)

எதிரணி நண்பரே, நீங்களும் தட்டுங்க. விடுதலை வந்தாச்சு. இனிமேல்தான் என் கட்சி ஆரம்பம்!

அன்றைக்கு அந்த நாட்டில் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. ராணுவத்தில் ஒரு கறுப்பு அதிகாரி கிடையாது. ‘சுதந்திரத்துக்கு முன்பு எப்படியோ, பின்பும் அப்படியே’ என்று வெள்ளைத் தளபதி கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஒரே வாரத்தில் ராணுவம் கலகம் செய்தது. ஜூலை 11-ல், செம்புச் சுரங்கங்கள் நிறைந்த கட்டங்கா மாநிலம் பிரிந்துபோனது. பின்னால் நின்றது யார்? பெல்ஜியம்! மாட்டைக் கொடுத்தவன் கயிற்றைக் கொடுக்கலைய்யா!

லுமும்பா பதவியில் இருந்தது மூன்று மாதம்கூட இல்லை. 1961 ஜனவரி 17-ல் பெல்ஜிய அதிகாரிகள் முன்னிலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலையும் அமிலத்தில் கரைத்தார்கள்.

அந்நியனை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். லுமும்பாவைப் பிடித்துக் கொடுத்தது யாருடைய படை? மொபுட்டுவின் படை. அவரை ராணுவப் பதவியில் உட்கார வைத்ததே லுமும்பாதான்! 1965-ல் ஆட்சியைப் பிடித்தவர் 1997 வரை இறங்கவில்லை. நாட்டுக்கு ஜயர் என்று பெயரை மாத்தினார். தன் சொந்த ஊரில் கான்கார்டு விமானம் இறங்க ஓடுபாதை போட்டார். ஜனங்களின் வயிறு மட்டும் நிறையலை.

2022-ல் பெல்ஜியம் லுமும்பாவைத் திருப்பிக் கொடுத்தது. எவ்வளவு? ஒரே ஒரு பல்! கரைத்த போலீஸ்காரர் எடுத்து வைத்திருந்த பல். அதைத்தான் பெட்டியில் வைத்து நாடே அழுது அடக்கம் செய்தது.

நடுவர் அவர்களே, பெறும்போது எதிரி வேறு நிறத்தில் எதிரே நின்றான்; அடையாளம் தெரிந்தது. காக்கும்போது அவன் நம் நிறத்தில், நம் பக்கத்தில், நாம் கொடுத்த பதவியிலேயே உட்கார்ந்திருந்தான். எது கடினம்? அந்த ஒற்றைப் பல்லை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.