புகழும் சாட்சியும்: திரையிலே பெண்டிர் வாழ்க்கை

மைசூரில் வாழும் தமிழர்கள் நாள்தோறும் இரு மொழிகளுக்கு நடுவே நடமாடுகின்றனர். வீட்டில் ஒரு சொல், கடைத்தெருவில் ஒரு சொல். ஒரே பொருளுக்கு இரு மொழியாரும் வேறு வேறு பெயர் இட்டிருப்பதைக் காணும்போது, அப்பொருளின் இருவேறு இயல்புகள் நமக்குப் புலனாகின்றன. கற்பனை கலவாமல் உண்மை வாழ்க்கையைப் பிடித்துக் காட்டும் படத்தை நாம் ‘ஆவணப்படம்’ என்கிறோம். கன்னடத்தார் ‘சாக்ஷ்யசித்திர’ என்கின்றனர். சாட்சி கூறும் படம் என்பது அதன் பொருள். ஆவணம் என்பதோ உரிமையை நிலைநாட்டும் ஓலை. திருவெண்ணெய்நல்லூர் அவையிலே, சுந்தரர் தமக்கு அடிமை என்று நாட்டுவதற்கு முதியவராக வந்த இறைவன் எடுத்துக் காட்டியது ஆவணமே அன்றோ? வழக்கில் வெல்ல ஓலையும் வேண்டும், சாட்சியும் வேண்டும். இரண்டும் இல்லாதவன் நியாயம் உடையவனாயினும் தோற்றுப்போவான்.

பெண்களின் சாதனை நெடுங்காலம் ஓலையும் சாட்சியும் இல்லாத வழக்காகவே இருந்து வந்தது. அவர்களைப் புகழ்ந்தோர் பலர். அவர்கள் செய்த வேலையைப் பதிந்து வைத்தோர் சிலர். நம் நாட்டுத் திரைப்படமும் முதலில் புகழையே பாடிற்று. பின்னரே சாட்சி சொல்லக் கற்றது. அந்த வரலாற்றை, நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டையும் நம் தாயகத்தையும் சேர்த்து நோக்குவோம்.

முதலில் அரசியர். கன்னட நாட்டின் வடபகுதியில், பெலகாவிச் சீமையில் உள்ளது கிட்டூர். அதன் அரசி சென்னம்மா, கணவரையும் மகனையும் இழந்த பின்னர் ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். கும்பினியார் அத்தத்தை ஏற்க மறுத்தனர். 1824 அக்டோபரில் போர் மூண்டது. தார்வாரிலிருந்து படையுடன் வந்த தாக்கரே என்னும் ஆங்கில அதிகாரி அப்போரில் மாண்டார். டிசம்பரில் பெரும்படை வந்து கோட்டையைப் பிடித்தது. அரசியார் பைலஹொங்கலில் சிறைவைக்கப்பட்டு 1829 பிப்ரவரியில் உயிர் நீத்தார். நாடு பிடிக்கும் அந்தத் தத்து மறுப்புக் கொள்கையை நாம் டல்ஹௌசியின் பெயரோடு சேர்த்துப் படித்திருக்கிறோம். அவர் வருவதற்கு 24 ஆண்டுகள் முன்னரே ஒரு பெண் அதனை எதிர்த்து வாள் எடுத்தாள்.

இவ்வரலாற்றை 1961இல் கன்னடத் திரைப்படமாக்கியவர் பி. ஆர். பந்துலு. 1959இல் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தமிழர்க்குத் தந்த அதே கைதான் கன்னடியர்க்குக் கிட்டூர் சென்னம்மாவைத் தந்தது. அரசியாக நடித்தவர் பெங்களூரில் பிறந்து தமிழகத்தின் செல்வியாகிய பி. சரோஜாதேவி. இசை அமைத்தவர் நம் டி. ஜி. லிங்கப்பா. அவ்வாண்டின் சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. மொழி எல்லை வேறு, கலை எல்லை வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

தமிழகத்திலும் இத்தகைய அரசி ஒருவர் இருந்தார். 1772இல் காளையார்கோயிலில் கணவரை இழந்த சிவகங்கை வேலுநாச்சியார், திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியின் துணை பெற்று, 1780இல் தம் நாட்டை மீட்டார். சென்னம்மாவுக்கு 44 ஆண்டுகள் மூத்த வெற்றி அது. மைசூர்ச் சீமையின் படையுதவியோடு பெற்ற வெற்றியுங்கூட. ஆயினும் 1959இல் சிவகங்கைச் சீமை என்ற படம் வந்தபோது முன்னிறுத்தப்பட்டவர்கள் மருது சகோதரர்களே. அவர்கள் வீரத்தில் குறைவில்லை. எனினும் ஒரே மண்ணின் கதையைச் சொல்லும்போது யாரை நடுவில் நிறுத்துகிறோம் என்பதிலேயே புகழின் நிறுவை அடங்கியிருக்கிறது.

அரசியர்க்கு அடுத்தவர் அருட்பெண்டிர். 1953இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ஔவையார் இவ்வகையில் தலையாயது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஔவையாக வந்தார். நாம் நினைக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்கே உண்டு. ஔவையின் உருவை எவரும் கண்டதில்லை. ஆதலின் அப்படம் ஔவைக்கு வெறும் புகழ்மாலைதான். ஆனால் நாடக மேடையிலே ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் வளர்ந்த சுந்தராம்பாளின் குரலுக்கு அதுவே ஆவணம். கதைப்படமும் தான் அறியாமலே சாட்சி சொல்லிவிடுகிறது.

சாட்சி அழிந்துபோவதும் உண்டு. தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931இல் வந்தபோது அதன் நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி. அவரே ஒரு நாவலும் எழுதி, அதனை 1936இல் மிஸ் கமலா என்ற பெயரில் தாமே இயக்கினார். தமிழில் படம் இயக்கிய முதற்பெண் அவர். அப்படச்சுருள் இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதித் தானே படமாக்கிய செயலின் செய்தி மட்டும் நம்மிடம் இருக்கிறது, செயல் இல்லை. ஓலையைக் கறையான் அரித்த வழக்கு இது.

அரசியுமல்லாத, அடியாருமல்லாத ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கை திரைக்கு உரியதாகுமா? ஆகும் என்று கன்னடத்தில் காட்டியவர் பிரேமா காரந்த். எம். கே. இந்திரா எழுதிய பணியம்மா என்னும் நாவலை அவர் 1983இல் படமாக்கினார். குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணாகி, தலைமழித்து, முதுமை வரையில் உறவினர்க்கு உழைத்து வாழ்ந்த மலைநாட்டுப் பெண் ஒருத்தியின் உண்மை வாழ்க்கையைத் தழுவியது அந்நாவல். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண் ஒருத்திக்கு உதவ, அவள் சாதிக் கட்டுப்பாட்டைக் கடந்து செல்கிறாள். கோட்டையும் கொத்தளமும் இல்லை, முழக்கமும் இல்லை. ஆனால் அந்தச் சில அடி தூரத்தைக் கடக்க அவளுக்கு வேண்டியிருந்த துணிவு சென்னம்மாவின் துணிவுக்குக் குறைந்ததன்று.

இனி, நேரே சாட்சி கூறும் படங்களுக்கு வருவோம். நம் அரசாங்கம் 1948இல் திரைப்படப் பிரிவை நிறுவியது. அணைக்கட்டும் ஆலையும் திருவிழாவும் குறும்படங்களாக எடுக்கப்பட்டு, பல மொழிகளில் விளக்கவுரை சேர்க்கப்பட்டு, கொட்டகைகளில் கதைப்படத்துக்கு முன்னர்க் காட்டப்பட்டன. உண்மை வாழ்க்கையும் பார்ப்பதற்கு உரியதே என்ற பழக்கம் மக்களிடையே இவ்வாறுதான் பரவிற்று.

இவ்வகைப் படங்களுள் தமிழர்கள் தவறாமல் காண வேண்டியது, சத்தியஜித் ராய் 1976இல் பரதநாட்டியக் கலைஞர் டி. பாலசரசுவதியைப் பற்றி எடுத்த பாலா. பம்பாய் தேசியக் கலைநிலையமும் தமிழக அரசும் அதற்குப் பொருள் உதவின. அதன் அருமையை உணர அதன் பின்னணியை அறிய வேண்டும். வீணை தனம்மாளின் பேத்தியாகிய பாலசரசுவதி, பரம்பரையாகக் கலை காத்த பெண்களின் குடும்பத்தில் 1918இல் பிறந்தவர். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அம்முறை ஒழிந்தது நன்றே. ஆனால் முறையை வெறுத்தவர்கள் பலர், அப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலையறிவையும் சேர்த்து இகழ்ந்தனர். மேடை பிறர் கைக்குச் சென்றது. கலையை வளர்த்தவர்களின் பெயர் மங்கிற்று. அந்நிலையில் எடுக்கப்பட்ட அப்படம், இக்கலை யார் கையில் வாழ்ந்தது என்பதற்கு அசையாத சாட்சியாக நிற்கிறது.

அப்படத்தில் பாலசரசுவதி கடற்கரையிலே நின்று, கண்ணனை விரைந்து வருமாறு தாய் அழைக்கும் கன்னடப் பதம் ஒன்றுக்கு அபிநயம் பிடிக்கிறார். அதைப் பாடியவர் வியாசராயர். அவர் பிறந்தது இந்த மைசூரை அடுத்த பன்னூர். மைசூர்ச் சீமையில் பிறந்தவரின் பாட்டு, தமிழ்ப் பெண்ணின் கைவிரலில், வங்காளியின் படச்சுருளில்! எனினும் ஒரு வருத்தம். ராய் அவர்கள் 1935இல் கல்கத்தாவில் சிறுவராக இருந்தபோதே பாலசரசுவதியின் ஆட்டத்தைக் கண்டவர். படம் எடுத்தபோது அவ்வம்மையாருக்கு வயது 58. கண்டதற்கும் பதிந்ததற்கும் இடையே 41 ஆண்டுகள் கழிந்துவிட்டன. சாட்சி வந்தது, காலங் கடந்து வந்தது.

மைசூருக்கும் இத்தகைய பரம்பரை உண்டு. அரசவை ஆடற்கலைஞர் ஜட்டி தாயம்மாவிடம் பயின்ற வெங்கடலக்ஷம்மா, லம்பாணி குலத்தில் பிறந்து அரண்மனையில் பல்லாண்டு ஆடி, பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டியம் கற்பித்தார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்று 2002இல் மறைந்தார்.

அரண்மனைக்குள்ளேயே இன்னொருவர். 1894இல் மன்னர் சாமராஜேந்திரர் மறைந்தபோது இளவரசருக்கு வயது 10. தாயார் வாணி விலாச சந்நிதானம் 1895 முதல் 1902 வரையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கொள்ளைநோய் பரவிய கொடுங்காலம் அது. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலைச் சென்று சேர்ந்ததும் அவர் காலத்திலேதான். அச்சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்த நம்மவரே. வாணி விலாச மருத்துவமனை, வாணி விலாச சாகரம் என்று இன்றும் நாவில் பெயர் வழங்குகிறது. பெயருக்கு உரியவர் செய்ததை அறிந்தவர் எத்தனை பேர்?

தமிழில் லீனா மணிமேகலை எடுத்த தேவதைகள் என்னும் ஆவணப்படம், கடலில் மீன்பிடிக்கும் பெண், சாவு வீட்டில் ஒப்பாரி பாடும் பெண், ஆதரவற்ற பிணங்களை அடக்கம் செய்யும் பெண் ஆகிய மூவரைத் தேடிச் சென்றது. அரசியின் அரண்மனையில் தொடங்கிய பயணம் உழைப்பவளின் வாசலுக்கு வந்துவிட்டது. இதுவே நாம் கண்ட வளர்ச்சி.

நேயர்களே, இவ்வளர்ச்சியில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மொழி தெரியாத ஊருக்குக் கணவரோடு வந்து, கன்னடம் கற்று, பிள்ளைகளுக்குத் தமிழும் ஊட்டி, குடும்பத்தை ஊன்றச் செய்த தாய்மாரும் பாட்டிமாரும் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. தாயகத்தின் ஏட்டில் அவர்கள் வெளியூரார். இவ்வூர் ஏட்டில் அயலார். இரண்டு ஏட்டிலும் இடமில்லாதவர்களுக்கு யார் சாட்சி? ராய் அவர்களுக்கு வேண்டியிருந்த கருவியும் பொருளும் இன்று நமக்கு வேண்டியதில்லை. கைப்பேசியே போதும். எந்த ஆண்டு வந்தீர்கள், முதலில் கற்ற கன்னடச் சொல் எது, முதல் மாதச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பதிந்து வையுங்கள். புகழுரை பின்னரும் எழுதலாம். சாட்சியை அவர்கள் இருக்கும்போதே பெற வேண்டும்.