நெற்றி உப்பும் அன்னையின் கண்ணீரும்

முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்பது ஐரோப்பிய நாட்டுப்புற மக்களின் பழைய அச்சம். அன்னையின் உதடுகள் உணர்ந்த அவ்வுண்மையை மருத்துவ உலகம் அறிய நூற்றாண்டுகள் கடந்தன.

1938-இல் நியூயார்க்கில் டாரதி ஆண்டர்சன் என்னும் மருத்துவர், இறந்த குழந்தைகளின் கணையத்தை ஆராய்ந்து, 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' எனும் தனி நோயை இனங்காட்டினார். பெண் என்பதால் அறுவை மருத்துவப் பணி மறுக்கப்பட்டவர் அவர். 1948-இல் அந்நகரைக் கடுங்கோடை வாட்டியபோது, இந்நோயுற்ற பிள்ளைகள் சோர்ந்து விழுந்தனர். அவர்தம் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை பால் டி சான்ட் ஆக்னீஸ் 1953-இல் எடுத்துரைத்தார். இன்றும் வியர்வைச் சோதனையே இந்நோயைக் கண்டறியும் முதன்மையான வழி.

1989-இல் லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோர் இதற்குரிய மரபணுவைக் கண்டனர். அது பழுதுற்றால் உப்பும் நீரும் உயிரணுக்களில் முறையாகச் சென்று வருவதில்லை. சளி பசைபோல் இறுகி நுரையீரலை அடைக்கிறது. பழுதையே நேர்செய்யும் முதல் மருந்து 2012-இலும், மும்மருந்துக் கூட்டு 2019-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மூச்சுக்குப் போராடிய பலர் எழுந்து நடமாடினர்.

இது வெள்ளையர் நோய் என்றே நம் நாட்டில் நெடுங்காலம் எண்ணினர். ஆயினும் தில்லி எய்ம்ஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நம் பிள்ளைகளும் இதற்கு மருத்துவம் பெறுகின்றனர். ஆனால் புதிய மருந்தின் ஓராண்டு விலையாக அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டதோ மூன்று இலட்சம் டாலருக்கும் மேல். நம் நடுவண் அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின்கீழ் கிடைக்கக்கூடிய ஐம்பது இலட்சம் ரூபாய் அதில் காற்பங்குக்கும் போதாது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே பிள்ளைக்கு இந்நோய் வரும். அதைச் சுமப்போர் நலமாகவே இருப்பர். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கில் இவ்வாய்ப்பு கூடுகிறது. நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிக்கத் திருச்சபை விதிவிலக்குக் கேட்பதை வெறும் படிவமாக எண்ணலாகாது.

பிறவியிலேயே பார்வையற்றவனைச் சுட்டி, பாவம் செய்தவர் யார் எனச் சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, பெற்றோருமல்ல என்றார் ஆண்டவர். நாமோ இன்றும் அன்னையையே பழிக்கிறோம். அஸ்தம்பட்டியின் சித்திரை வெயிலில், ஓயாத இருமலோடு மெலிந்து சோரும் குழந்தையின் நெற்றியில் உப்புப் பூத்திருந்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதன் தாய்க்குத் துணை நில்லுங்கள்.